வெள்ளை வேட்டியும் மெஷினோட மூணு அறையும்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. பொண்ணு பாக்க வந்தவருக்குக் காப்பி குடுக்கோணும்.

பீளமேட்டுல எங்க ஊட்டுக்கு, பெருந்துறையில இருந்து மாப்பிள்ளையோட அப்பா வந்திருந்தாரு. எம் மக செல்விக்குப் பையனைப் புடிச்சுப்போச்சு. இவரு 'சரி'ங்கறது ஒண்ணுதான் பாக்கி.

குடுத்தேன். டம்ளர்ல பாதி, அவரு வேட்டியில பாதி!

"போச்சாதுங்க, பரவால்லீங்க"ன்னாரு, பெரிய மனுசன்.

என் வேட்டி ஒண்ணை எடுத்துக் குடுத்திருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும். வாங்கி ஒரு வாரமே ஆன வாஷிங் மெஷினைக் காட்டோணும்னு எனக்கு அரிப்பு.

"ஒரு மணி நேரத்துல பளபளன்னு குடுத்துப்போடறேனுங்க!"

அவருக்கு என் கைலியைக் குடுத்துட்டு வேட்டிய வாங்கிட்டேன்.

மெஷினோட மேல்பக்கம் ஒரு இழுப்பறை. உள்ள மூணு அறை. கூட வந்த புஸ்தகம் இங்கிலீசுல. அது நமக்கு எட்டாது. ஆனா வெள்ளை வேட்டிக்கு என்ன வேணும்? சோப்பு, நீலம், கஞ்சி. மூணு!

அட, நம்ம ஊருக்குன்னே செஞ்சிருக்கறானேன்னு மொத அறையில சோப்புத் தூள், ரெண்டாவதுல அரைச் சீசா சொட்டு நீலம், மூணாவதுல சோத்துக் கஞ்சி கொழகொழன்னு ரெண்டு கரண்டி.

குமிழைத் திருகினேன். உர்ர்ருன்னு வால்வு தொறந்து தண்ணி எறங்குச்சு. நாங்க ரெண்டு பேரும் கண்ணாடிக் கதவு முன்னால நாற்காலி போட்டு, டிவி பாக்கற மாதிரி உக்காந்தோம்.

நுரையே காணோம். நீலமா சுத்துது.

"ஏனுங்க, தண்ணி இப்புடித்தான் இருக்குமுங்களா?"

"புது மாடலுங்க!"

கடைசி அலசலுக்குத் தண்ணி மூணாவது அறைக்குப் போச்சு. கஞ்சி தொளையை அடைச்சுட்டு நகர மாட்டேங்குது. வால்வு உடற தண்ணி எங்க போகும்? இழுப்பறை வழியாப் பொங்கி ஹாலுக்கே வந்துருச்சு. அவரு கைலியைத் தூக்கிப் புடிச்சுட்டு நாற்காலி மேல ஏறிட்டாரு!

எம்பட ஊட்டுக்காரி ஓடியாந்தா. "ஏனுங்க, நீங்க காப்பி குடுக்கத்தான போனீங்க?"

கதவுக்குப் பின்னால செல்வி அழுகறாப்புல நிக்கறா.

ஓடிப்போய் பைப்பை அடைச்சேன். அவரு எறங்கி வந்து இழுப்பறையை உருவிப் பாத்தாரு.

"எங்க சாயப்பட்டறையில இதுக்கு அண்ணனெல்லாம் ஓடுதுங்க. மொத அறை ஊற வெக்கறதுக்கு. அதுக்குன்னு திருகினாத்தான் அங்க தண்ணி உழுகும். நீங்க திருகல. பாருங்க, சோப்பு போட்டது போட்டபடி கெடக்குது! தொவைக்கற தண்ணி ரெண்டாவது அறை வழியாப் போகும்."

"அப்ப வேட்டி...?"

"இத்தனை நேரம் நீலத்துலதான் குளிச்சிருக்குதுங்க."

கதவைத் தொறந்து எடுத்தேன். ஆகாசம் மாதிரி இருந்துச்சு. கரை எதுன்னே தெரியல.

வாங்கி, வெளிச்சத்துல விரிச்சுப் புடிச்சு, ரெண்டு விரல்ல தேச்சுப் பாத்தாரு.

"திட்டு இல்லாம ஏறியிருக்குதுங்க சாயம்!"னு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. அப்பறம் செல்வியப் பாத்தாரு. "அழுகாத அம்மணி. பொண்ணு எங்க ஊட்டுக்குத்தான்."

எம் பக்கம் திரும்புனாரு. "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வேட்டிய மட்டும் நாங்களே தொவைச்சுக்கறோமுங்க, சம்பந்தி."