பர்சென்ட் அங்கிள் சொன்ன ஆறு

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் எடிசன் ஊர்ப் பக்கம் குடியிருந்த தமிழர்கள் பனிப்புயலுக்குப் பயந்ததில்லை. வேலை போவதற்குக்கூட அவ்வளவாகப் பயந்ததில்லை. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், அவர்கள் நடுங்கியது ஒரே ஒரு மனிதருக்குத்தான். அவர் பர்சென்ட் அங்கிள்.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். செக்கில் கையெழுத்துப் போடும்போது அவரே ஒரு கணம் யோசித்துத்தான் போட்டிருப்பார். பிள்ளைகள் அங்கிள் என்றதால் பெற்றோரான நாங்களும் அங்கிள் என்றோம். மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் வேலை. எந்த மாத்திரை நூற்றில் எத்தனை பேருக்குத் தலைசுற்றலைக் கொடுக்கும் என்று பகலெல்லாம் கணக்குப் போடுவார். சாயங்காலம் எங்கள் வீடுகளுக்கு வந்து, மாத்திரை இல்லாமலே தலைசுற்ற வைப்பார்.

எந்தப் பிள்ளைக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். மார்க்கைக் கேட்பார், காலேஜ் நுழைவுக்கான எஸ்.ஏ.டி. பரீட்சை ஸ்கோரைக் கேட்பார், பிறகு "உன் துணியை யாரு மடிக்கிறா?" என்பார். கண்ணை மூடி, மோவாயைச் சொறிந்து, நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஓர் எண்ணை வெளியிடுவார்: "பதினொன்றரை."

அந்த அரைதான் ஆளைக் கொல்லும். ஏன் அரை என்று ஓர் அப்பா சண்டைக்கே போய்விட்டார். "பையன் வயலின் வாசிக்கிறான்ல? அதுக்குத்தான் அரை. நான் கேட்டேன். அதுக்கு மேல போட மனசு வரல" என்றார் அங்கிள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு பிறந்தநாள் விழா. ஆறு வயதுப் பையன் கேக்கில் மெழுகுவத்தியை மூன்று தடவை ஊதி அணைத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அங்கிள் மட்டும் பையனின் அம்மாவிடம் குனிந்து, "விடாமுயற்சி இருக்கு. இப்போதைக்கு நாற்பதுன்னு வெச்சுக்கோங்க" என்றார். அந்த அம்மாள் கேக் வெட்ட மறந்து நின்றாள்.

கோயிலிலும் விடமாட்டார். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட குருக்களிடம், பின்னால் அங்கிள் நிற்கும் பதற்றத்தில் ஒரு பெண்மணி, "சுரேஷ், உத்திராடம், ஆயிரத்து நானூற்றிருபது" என்று ஸ்கோரையும் சேர்த்தே சொன்னாள். குருக்களும் அதைச் சங்கல்பத்தில் சேர்த்துவிட்டார்.

இப்படி ஊர் வீடுகளில் நடந்ததை எல்லாம் சிரித்துக்கொண்டு கேட்டிருந்த எங்களுக்கும் ஒரு நாள் முறை வந்தது. எங்கள் மகள் மீனா பள்ளியின் கடைசி வருடத்துக்கு வந்தாள்.

என் மனைவி வசந்திக்கு ஒரே ஆசை, மீனா டாக்டராக வேண்டும். அதிலும் அந்த ஏழு வருடப் படிப்பு. பள்ளி முடித்த கையோடு காலேஜ் சீட்டையும் மெடிக்கல் சீட்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். கல்யாணத்தையும் வளைகாப்பையும் ஒரே மண்டபத்தில் புக் பண்ணுவது போல. ஊரில் எல்லா அம்மாக்களும் குறிவைத்தது அதைத்தான்.

அங்கிளைச் சாப்பிடக் கூப்பிட்டோம். அடை, அவியல். லஞ்சம் என்றும் சொல்லலாம். ஐந்து அடை சாப்பிட்டுவிட்டு மீனாவைப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு டாக்டர் ஆகணுமா?"

"ஐ கெஸ் ஸோ, அங்கிள்."

அங்கிள் கண்ணை மூடினார். மோவாயைச் சொறிந்தார். "ஆறு."

"அறுபதா அங்கிள்?" என்றாள் வசந்தி.

"இல்லம்மா. ஆறு. ஒத்த ஆறு."

ஆறாவது அடை தோசைக்கல்லிலேயே நின்றுவிட்டது. அன்று முதல் வசந்தியின் வாயில் அவர் அங்கிள் இல்லை, 'அந்த மனுஷன்'.

ஆனால் பிப்ரவரியில் மீனாவுக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. "ஆறாம்ல ஆறு!" என்று வசந்தி வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இன்டர்வியூ அன்று காலை, குளிரில் எங்கள் கார் பேட்டரி செத்துப்போனது. அவசரத்துக்கு அந்தத் தெருவில் ரெடியாக நின்ற ஒரே கார் அந்த மனுஷனுடையது.

ஹைவேயில் மணிக்கு நாற்பத்தைந்து மைலுக்கு மேல் அவர் போகவே இல்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். வசந்தி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மீனா மூன்று தடவை தண்ணீர் குடித்தாள். எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தோம். பத்துப் பன்னிரண்டு பெற்றோர்கள், அத்தனை பேர் முகத்திலும் பிரசவ வார்டுக் களை. பக்கத்தில் இருந்த சீனக்காரர் ஒருவர் அங்கிளிடம் ஏதோ பேச்சுக் கொடுத்தார். அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் அங்கிள் முன்னால் வரிசை நின்றது. ஒருவருக்கு ஒன்பது, ஒருவருக்குப் பதினாறு. நான்கு கிடைத்த ஓர் அம்மாள் கைக்குட்டையைத் தேடினாள். சத்தம் கேட்டு ஆபீஸ் பெண்மணி வெளியே வந்து, ஆங்கிலத்தில் மரியாதையாக, "சார், நீங்கள் தேர்வுக் குழு உறுப்பினரா?" என்று கேட்டாள்.

அங்கிள் எழுந்து நின்று, "நோ மேடம். ஒன்லி டிரைவர்" என்றார்.

வசந்தி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

திரும்பும்போது மீனா பேசிக்கொண்டே வந்தாள். அவள் வாலண்டியர் வேலை செய்த ஆஸ்பத்திரியில் வருகிறவர்களெல்லாம் வழி தெரியாமல் தவிப்பார்களாம். இவள் ஒரு மேப் வரைந்து ஒட்டினாளாம். இன்டர்வியூவில் முழுக்க அதைப் பற்றித்தான் சொன்னாளாம்.

"நோயாளிங்களைப் பத்தி?" என்றாள் வசந்தி.

"தே டிடின்ட் கம் அப், அம்மா."

அங்கிள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஆறு இப்ப ரெண்டாயிடுச்சு. ஆனா நல்ல ரெண்டு."

ஏப்ரலில் கவர் வந்தது. மெல்லிய கவர். கனமான கவர் என்றால் இடம் உண்டு, மெல்லியது என்றால் மன்னிப்புக் கடிதம் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மீனா படித்தாள். மடித்து வைத்தாள். நேராகச் சமையலறைக்குப் போய், "அம்மா, எனக்கு ரொம்பப் பசிக்குது" என்றாள், தமிழில். மாதக்கணக்காக எதையும் கொறித்துவிட்டு எழுந்துபோன பெண், நின்றபடியே மூன்று கரண்டி தயிர்சாதம் சாப்பிட்டாள். வசந்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க எங்களுக்குத் தெம்பில்லை.

அரை மணி நேரத்தில் காலிங் பெல். பர்சென்ட் அங்கிள், கையில் அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலம். உள்ளே வடை. அவரே சுட்டது, பார்த்தாலே தெரிந்தது.

"கனமான கவர் வந்த வீட்டுல போன் எங்கேஜ்டா இருக்கும். உங்க வீட்டுல சும்மா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் வந்தேன்."

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஏப்ரல் மாதத்தில் அவர் போவதெல்லாம் மெல்லிய கவர் வந்த வீடுகளுக்குத்தானாம்.

"எம் பையனுக்கு நான் போட்டது தொண்ணூற்றஞ்சு" என்றார், காபியை ஆற்றிக்கொண்டே. "ஏழு காலேஜ், ஏழும் மெல்லிசுக் கவர். அன்னிக்கு எங்க வீட்டுக்கு ஒருத்தரும் வரல. எல்லாருக்கும் சங்கடம், பாவம். நாங்க மூணு பேரும் மூணு ரூம்ல உட்கார்ந்திருந்தோம். அவன் இப்ப டெக்சஸ்ல நல்லாத்தான் இருக்கான். இருந்தாலும் அன்னிக்கு யாராவது வந்து பெல் அடிச்சிருக்கலாம்."

வசந்தி ஒரு வடையை எடுத்தாள். கடிக்க முடியவில்லை, இருந்தும் கடித்தாள்.

"உண்மையைச் சொல்லட்டுமா அங்கிள்? நெஞ்சுல இருந்து ஒரு கல்லை இறக்கி வெச்ச மாதிரி இருக்கு."

"எனக்கும்தாம்மா. ஆறுன்னு சொன்ன நாள்லருந்து நீங்க அடை சுடறதை நிறுத்திட்டீங்க."

மீனா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் சேர்ந்து, ஊர்களையும் தெருக்களையும் திட்டமிடும் படிப்பைப் படித்தாள். முதல் செமஸ்டர் லீவில் இரண்டு சுற்றுப் பெருத்து வந்தாள். அவளைப் பார்த்த பிறகு டாக்டர் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

சில வருடம் கழித்து அங்கிள் ரிடையர் ஆனார். பேரனைப் பார்த்துக்கொள்ள அவர் மனைவி முன்பே டெக்சஸ் போயிருந்தார், இவரும் கிளம்பினார். நூவர்க் விமான நிலையத்துக்கு நாங்கள்தான் கொண்டுபோய் விட்டோம். வசந்தி பையில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

அங்கிள்தான் சொன்னார்: "பிளைட்டைப் பிடிக்கணும்ப்பா. கையைக் கொஞ்சம் விடு."