சமூகப் பொறுப்புக் குழி

பாலிடெக்னிக் என்றால் அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற பழங்கால எண்ணம் அந்தப் பாலிடெக்னிக்கில் ஒழிந்து வெகுநாளாகிவிட்டது. இன்று கற்ற வேலை நாளைக்கு இருக்காது, நாளைக்கு இருக்கப்போகும் வேலை இன்று யாருக்கும் தெரியாது, ஆகவே எதையும் கற்றுக்கொடுக்காமல் விடுவதே மாணவர்களுக்குச் செய்யும் பேருதவி என்று பிரின்சிபால் ஏதோ ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்திருந்தார். வந்த கையோடு கான்கிரீட் ஆய்வுக்கூடத்தைக் காலி செய்து, தரைவிரிப்பு போட்டு, கலர் கலராக நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வாசலில் 'மாறும் பணிகள் மற்றும் சமூகப் பொறுப்பு மையம்' என்று பலகை மாட்டினார்.

கான்கிரீட் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை என்ன செய்வது? அவரையே மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகள் என்னவோ அவரைப் பழையபடி சிமெண்ட் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். பணி மாறியவருக்கு வாழும் உதாரணம் என்று பிரின்சிபால் மேடைக்கு மேடை அவரை எழுந்து நிற்கச் சொல்வார். அவரும் எழுந்து நிற்பார். நிற்பதால் சம்பளம் குறையவில்லை, ஆகவே அவருக்கு ஆட்சேபம் இல்லை.

மாறும் பணிகளைக் கற்பிக்க அந்த நாற்காலிகளே போதும். மணி அடித்ததும் மாணவர்கள் நாற்காலி மாறி உட்கார்ந்து, "நான் இப்போது வேறொருவன்" என்று சொல்ல வேண்டும். சமூகப் பொறுப்பைக் கற்பிக்கத்தான் ஒரு பிரச்சினை தேவைப்பட்டது. நல்லவேளையாக அது கல்லூரி வாசலிலேயே இருந்தது. நடைபாதைக்கு அடியில் ஓடும் சாக்கடையின் மேல் ஒரு சிலாப் உடைந்து, ஆளை இடுப்பளவுக்கு உள்ளே வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு குழி. வருடா வருடம் இறுதியாண்டு மாணவர்கள் அந்தக் குழியைப் பற்றி ஆய்வு செய்தார்கள், ஊர்வலம் போனார்கள், குறும்படம் எடுத்தார்கள். குழியே பேசுவதுபோல ஒருவன் கவிதை எழுதிப் பரிசு வாங்கினான். ஊர்வலத்துக்கு மார்க் உண்டு, பதாகைக்கு மார்க் உண்டு, 'குழி என்னுள் ஏற்படுத்திய மாற்றம்' என்ற கட்டுரைக்கு எல்லாவற்றையும்விட அதிக மார்க் உண்டு. குழியை மூடினால் மார்க் உண்டா என்று யாரும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் சிமெண்ட் சாரின் அக்கா அந்தக் குழியில் விழுந்தாள். அக்கா தையல்காரி. அவளுடைய மகள் அந்தப் பாலிடெக்னிக்கிலேயே கட்டடப் பிரிவில் கடைசி வருடம் படிக்கிறாள். மகள் மறந்துவிட்டுப் போன போனைக் கொடுக்க வந்தவள், போனை மேலே பிடித்தபடி உள்ளே போய்விட்டாள். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் மாவுக்கட்டு. மிதிக்கக் கால் இல்லாமல் தையல் மெஷின் சும்மா கிடந்தது.

சிமெண்ட் சார் ஆரஞ்சுப் பழங்களோடு அக்காவைப் பார்க்கப் போனார். நலம் விசாரித்து முடிந்ததும் போனை வெளியே எடுத்தார்.

"அக்கா, காலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நீட்டேன்."

"எதுக்குடா?"

"கண்காட்சியில வைக்கணும். பாதிக்கப்பட்டவங்க படம் ஒண்ணுகூட எங்ககிட்ட நல்லதா இல்ல."

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை பேர் கட்டட வேலை படிக்கிறீங்க. அந்தக் குழியை மூட ஒரு நாதி இல்லையாடா?"

"அது நீ நினைக்கிற மாதிரி இல்லக்கா. முதல்ல மக்கள் விழிச்சுக்கணும்."

"நான் விழிச்சுக்கிட்டுதான் நடந்தேன். அப்பவும் விழுந்தேன்."

மகள் ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வேலை காத்துக்கொண்டிருந்தது. பைப்பும் சிலாப்பும் வார்க்கிற ஒரு கம்பெனி, டிப்ளமாவைக் கையில் கொண்டுவந்தால் அன்றைக்கே சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. டிப்ளமாவுக்கு அவள் இன்னும் தேற வேண்டியவை மையத்தின் இரண்டு பாடங்கள்தான்: மாறும் பணிகள், சமூகப் பொறுப்பு. மெஷின் நின்றுபோன வீட்டில் அந்த டிப்ளமாதான் இனி அடுப்பு எரிய வழி.

மையத்தின் வாசலில் செருப்பு அடுக்க வைத்திருந்த இரும்புச் சட்டம் உண்மையில் சிலாப் வார்க்கிற அச்சு. சின்ன வயதில் மாமாவின் ஆய்வுக்கூடத்தில் சிலாப் வார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது தெரியும். அதைக் கழுவி, கம்பி கட்டி, கலவை போட்டு, ஈரச்சாக்கு போர்த்தி, இறுகும்வரை பொறுத்திருந்து, ஒரு விடுமுறை நாளில் தோழிகளோடு தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டாள். சிலாப் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் காலை ஊர்வல ஒத்திகைக்குப் பதாகையோடு வந்த பிள்ளைகள் குழியைக் காணாமல் திகைத்துப்போய் நின்றார்கள்.

பிரின்சிபாலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருகிறது.

"குழி எங்கய்யா?"

"மூடியிருக்கு சார். எங்க அக்கா பொண்ணு மூடிட்டா" என்றார் சிமெண்ட் சார்.

"யாரைக் கேட்டு மூடினாங்க? இத்தனை வருஷமா விழிப்புணர்வு ஊட்டியும் மூடாத குழியை ஒரு பொண்ணு வந்து பொசுக்குன்னு மூடிட்டுப் போனா, விழிப்புணர்வுக்கு என்னய்யா மரியாதை?"

கலர் நாற்காலிகளிலேயே விசாரணை நடந்தது. பெண்ணை நடுவில் உட்கார வைத்துப் பிரின்சிபாலே கேள்வி கேட்டார்.

"ஊர்வலம் போனியா?"

"இல்ல சார். சிலாப் வார்த்துக்கிட்டிருந்தேன்."

"கட்டுரை எழுதினியா?"

"இல்ல சார்."

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் பொதுவான பிரச்சினை அது. அதை நீ ஒருத்தியே தீர்த்துக்கிட்டது சுயநலமா இல்லையா?"

அவள் நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினாள்.

"அதுமட்டுமில்ல. கான்கிரீட் படிச்சே, கான்கிரீட்டே போட்டிருக்கே. பணி மாறத் தயாரா இருக்கிற லட்சணமா இது?"

இரண்டு பாடத்திலும் சுழியம் என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போட வேண்டியவர் ஒருங்கிணைப்பாளர். சிமெண்ட் சாருக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சிலாப்பின் மேல் காலையில் அவர் நடந்து பார்த்திருந்தார். அப்படி ஒரு சிலாப்பை அவர் ஆய்வுக்கூடம் இருந்த காலத்தில்கூட யாரும் வார்த்ததில்லை. இதை அங்கேயே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். பேனாவை மூடிவிட்டு, சிலாப்பை அவளே எடுத்துவிட்டால் பாஸ் போடலாமா என்று மட்டும் பணிவாகக் கேட்டார். பிரின்சிபால் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

வராந்தாவில் அவள் கேட்டாள். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?"

"எடுத்துடும்மா. டிப்ளமா மட்டும் கைக்கு வரட்டும். அப்புறம் ஊர்ல இருக்கிற குழியெல்லாம் மூடு, யார் கேக்கப்போறா?"

அவள் கடப்பாரை தேடிப் போனாள்.

மறுநாள் சிலாப்பை எடுக்க மாணவர்கள் திரண்டார்கள். கடப்பாரையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தெருவே கூடிவிட்டது. தெருக்காரர்கள் சண்டைக்கு வரப்போகிறார்கள் என்று சிமெண்ட் சாருக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது. எதிர் மருந்துக்கடைக்காரர் முன்னால் வந்தார்.

"நல்லவேளை சார். மூடினதிலிருந்து ஒரு பேண்டேஜ் விக்கல."

மற்றவர்கள் போனை உயர்த்திப் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். சிலாப் பாதி எழும்பியபோது மதிப்பீட்டுக் குழுவின் கார் வந்து நின்றது. குழுத் தலைவர் இறங்கி, "இது என்ன நிகழ்ச்சி?" என்று கேட்டார். பிரின்சிபால் மெல்லப் பதாகைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

பெண் கடப்பாரையை ஊன்றி நின்றாள். "நான் குழியை மூடுற பணியில இருந்தேன் சார். இப்போ குழியைத் திறக்கிற பணிக்கு மாறியிருக்கேன். நேத்து நான் வேற ஒருத்தி."

தலைவர் உருகிப்போனார். பணி மாற்றத்தையும் சமூகப் பொறுப்பையும் ஒரே கடப்பாரையில் இணைத்த மாணவியைத் தம் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். திறந்த குழியைச் சுற்றி எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு பாடத்திலும் அவளுக்கு முழு மார்க். டிப்ளமா வந்த அன்றைக்கே, மையத்தின் துணை ஒருங்கிணைப்பாளர் பதவி, அதுவும் நிரந்தரமாக, அவளைத் தேடி வந்தது.

அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று சிமெண்ட் சார் நம்பினார். தான் செய்யாததை அவளாவது செய்யட்டும் என்ற நப்பாசை.

"சிலாப் கம்பெனி காத்துக்கிட்டிருக்கேம்மா" என்றார்.

"அங்க போய் ஆயிரம் சிலாப் வார்த்தாலும், எடுன்னு சொல்ல ஒருத்தர் இருப்பாரு மாமா. அந்தச் சொல்ற இடத்துல நானே உக்காந்துடறேன்."

கடைசி நம்பிக்கையாக அவர் அக்காவிடம் ஓடினார். விழுந்து கால் ஒடித்துக்கொண்டவள் அவள். அவளுக்காவது கோபம் வர வேண்டும்.

"நிரந்தர வேலைதானேடா?" என்றாள் அக்கா.

"ஆமா. ஆனா அந்தக் குழி..."

"குழி கெடக்கட்டும். இத்தனை நாளா நீ என்னத்தைச் செஞ்சே?"

புதிய துணை ஒருங்கிணைப்பாளர் முதல் வாரத்திலேயே ஒரு உண்மையைக் கண்டறிந்தாள். அத்தனை மாணவர்களுக்கு ஒரே குழி எப்படிப் பத்தும்? பிரிவுக்கு ஒன்று வேண்டும் என்று அவள் சொன்னதைப் பிரின்சிபால் மறுபேச்சில்லாமல் ஏற்றார். செய்தி தெருவில் பரவியது. மருந்துக்கடைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை, எங்கள் கடை வாசலில் ஒன்று வெட்டுங்கள், ஜனங்கள் நின்று பார்ப்பார்கள் என்று கண்ணாடிக்கடைக்காரரும் சலூன்காரரும் மனு கொடுத்தார்கள். மூடச் சொல்லி மட்டும் ஒருவரும் வரவில்லை.

அவள் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, வெட்டப்போகிற குழிகளின் நீளம், அகலம், சிலாப்புக்குள் கம்பி போகிற இடம் எல்லாம் சுண்ணக்கட்டியால் குறித்தாள். வேலையில் ஒரு நூல் பிசகில்லை. அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சிமெண்ட் சார் பிடித்துக்கொண்டார்.