நிரூபாவின் சீரமும் என்ரை மீனும்

ரெக்ஸ்டேல், கனடா,
20 மே 2009

பெருமதிப்புக்குரிய இராஜரட்ணம் அத்தானுக்கு,

மைத்துனன் அன்புராசா பணிவோடு எழுதுவது. இங்கே எங்களுக்குச் சாப்பாடு இறங்குகிறது, நித்திரை கொஞ்சம் வருகிறது. கொழும்பில் நீங்களும் அக்காவும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். யுத்தம் முடிந்த கதையை அங்கே எழுதுவது உங்களுக்குக் கூடாது, அதை விடுவோம்.

ஞாயிறு உங்கள் மகள் நிரூபா போனில் "எல்லாம் உருகப்போகுதம்மா" என்று அழ லைன் அறுந்ததாம், அக்கா அண்டு தொட்டுச் சாப்பிடேல்லையாம். சாப்பிடச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு ஒண்டுமில்லை. உருகப் பாத்தது சீரம். இரத்தத்தைச் சுழட்டி எடுக்கிற மஞ்சள் தெளிவு. புற்றுநோயை முன்கூட்டிக் காட்டுற அடையாளம் அதிலை இருக்கோ எண்டுதான் பிள்ளை ஆராயுது. அதை உறையவைக்கிற பெட்டி பழுதாப்போச்சு, திங்களும் லீவு, திருத்திறவன் வரான், அவளின்ரை பேராசிரியர் போனை நிப்பாட்டிப்போட்டு ஏதோ ஏரியிலை மீன் பிடிக்கிறார். நான் மீன் விக்கிறவன், சும்மா இருப்பனே? மீன் ஏத்துற வானை அவளின்ரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் எல்லாத்தையும் ட்ரை ஐஸோடை, அதுதான் புகை விடுற உலர் பனிக்கட்டியோடை, மீன் அனுப்புற வெள்ளை ரெஜிபோம் பெட்டியளிலை அடைச்சு, என்ரை கடைக் குளிரறையிலை இறக்கினன். "கவனம் மாமா, உந்த இரத்தம் தந்த ஆக்களிலை கனபேர் இப்ப உயிரோடை இல்லை, திருப்பி இரத்தம் கேக்கேலாது" எண்டாள்.

திங்கள் அந்தச் செய்தி வர, துக்கத்துக்குக் கடையைப் பூட்டச் சொன்னன். துக்கமெண்டால் ஒரு லைற்றும் எரியக்கூடாதெண்டு என்ரை மனிசி கமலாம்பிகை மெயின் சுவிச்சையே இழுத்துப்போட்டு, குளிரறைக் கதவையும் சாத்தாமல் ஊர்வலத்துக்குப் போட்டா. செவ்வாய் காலமை நிரூபாவோடை வந்து பாத்தால் பாரையும் இறாலும் தண்ணியிலை நிக்குது! நான் மீனைத் திரும்பியும் பாக்கேல்லை. நேரை போய்ச் சீரப் பெட்டி மூடியைத் திறந்தன். புகை வந்தது. ட்ரை ஐஸ் காப்பாத்தியிட்டுது, உள்ளை எல்லாம் உறைஞ்ச கல்லு. நிரூபா சந்தோசத்திலை கத்தின கத்திலை பக்கத்துக் கடை ஷிஹாப் செத்தவீடெண்டு நினைச்சு ஓடிவந்து, "ஆரும் மௌத்தா, அண்ணை?" எண்டான்.

"இல்லையடா தம்பி, எல்லாம் தப்பியிட்டுது" எண்டன். இந்த மாசம் அப்பிடிச் சொல்லக் கிடைச்சது அது ஒருக்காத்தான்.

கமலாம்பிகை மூலையிலை நிண்டு, "என்னை ஏசமாட்டியளே?" எண்டா. "போகட்டுமப்பா, மீன் பிறகும் வரும்" எண்டு மன்னிச்சுப்போட்டன்.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் குறைந்த கவலையும் கிடைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்புராசா

பி.கு: கடிதத்தை ஒட்டமுதல் பேராசிரியர் வந்திட்டார். ஒவ்வொருத்தற்றை சீரத்தையும் தொடக்கத்திலேயே இரண்டாப் பிரிச்சு, மற்றப் பாதியை வேறை ஊரிலை பத்திரமா வைச்சிருக்கிறாராம். "உமக்கு நான் சொல்லேல்லையோ?" எண்டு நிரூபாவைக் கேட்டாராம். அப்ப உண்மையா அழிஞ்சது என்ரை மீன் மட்டும்தான்; கமலாம்பிகையை மன்னிச்சதை வாபஸ் வாங்கியிட்டன்.