பின்பாதிக் கதை கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. முழங்கால்களைத் தவிர இங்கே மற்ற எல்லாம் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் சின்னக்குட்டியும், வீட்டில் நான்காவது ஆளாக நீ கொண்டாடும் உன் பள்ளிக்கூட வேனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

போன வாரம் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்லவே இல்லை என்று சாதிப்பாய். "அக்கா, ஒரு காமெடிப் படம் வந்திருக்கு. வேலையில ஏமாத்தறது, வாயத் தொறந்தா பொய், ஆனா பொண்ணுகிட்ட மட்டும் நல்ல பேர் வாங்கணும்னு துடிக்கிற ஒரு அப்பனோட கதை. ஆள் பிரேக்கை மிதிக்கறான், அது பிடிக்காம தரை வரைக்கும் போகுது, மூஞ்சியில ஒண்ணும் காட்டாம பாட்டுப் பாடறான் பாரு, சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு. குட்டிதான் படமே தெரியல, பசிக்குதுன்னு ஒரே நச்சு. இடைவேளையில எழுந்து வந்துட்டேன். நீயும் மாமாவும் போய்ப் பாத்துட்டு மீதிக் கதையச் சொல்லுங்க." கேட்டாய் அல்லவா, இதோ சொல்கிறேன்.

வியாழக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். அரங்கில் பாதி காலி. வந்திருந்தவர்களில் ஆண்கள்தான் அதிகம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். படம் ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவில்லை, கண்ணுக்கே தெரியவில்லை. ஈரத்துணியை விளக்குக்கு முன்னால் தொங்கவிட்ட மாதிரி ஒரு கலங்கல், அதற்குள் ஆள் உயரத்தில் ஏதோ சாம்பல் நிறத்தில் போய் வந்துகொண்டிருந்தது. பேச்சுச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல வந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் புடவைத் தலைப்புதான் கசங்கியது. எழுந்து போய், டார்ச் அடித்து இடம் காட்டுகிறவரிடம் புகார் செய்தேன்.

"படம் கலங்கலா இருக்குங்க. கொஞ்சம் சரி பண்ணச் சொல்லுங்க."

"உங்ககூட வந்தவர் ஏதாவது குறை சொன்னாராம்மா?"

"இல்ல."

"அப்ப படம் சரியாத்தான் ஓடுது. போய் உக்காருங்க."

திரும்பி வந்தால் உன் மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்கிறார். "லிஃப்ட் மெக்கானிக்கோட கதை!" என்று என் காதில் கிசுகிசுத்தார். "அச்சு அசல் என்னை மாதிரியே பண்றான். மோட்டார் அறைக்கு ஏறாம கீழயே நின்னு, கதவுல காதை வச்சுக் கேட்டுட்டு, எல்லாம் சரியா இருக்குங்கறான்!" உன் மாமா பார்ப்பதும் அந்த வேலைதான் என்பதால் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரிக்கிற சத்தத்தில்தான் எனக்கு முதலில் ஏதோ உறுத்தியது. ஒரு சிரிப்பும் அரங்கம் முழுக்கச் சேர்ந்து எழவில்லை. இவர் சிரிக்கும்போது மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் குலுங்கிச் சிரித்தபோது இவர் சும்மா இருந்தார். மூலைக்கு ஒருவராக, முறை வைத்துச் சிரிப்பதுபோல் இருந்தது. நீ சொன்ன பிரேக் காட்சி எப்போது வரும் என்று இவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வண்டி என்று ஒன்று படத்திலேயே இல்லை என்றார். நீளம் என்று வெட்டிவிட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. உன் மாமா கிசுகிசுப்பதையும் நிறுத்திவிட்டார். என் கையைப் பிடித்தவர் விடவில்லை. படம் முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் வாசலில் நின்று போனை எடுத்தார்கள். ஒருவர், "அந்த மருந்து பாட்டிலத் தனியா எடுத்து வச்சிடு, யாருக்கும் கொடுத்துடாதே" என்று கெஞ்சினார். இன்னொருவர், "அந்தச் சுவரை ஒட்டி யாரையும் நிக்க விடாதே, நான் வந்துடறேன்" என்றார். காமெடிப் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் பேசுகிற பேச்சா அது? நான் வீடு வரும்வரை குடைந்து கேட்டபின்தான் இவர் பின்பாதியைச் சொன்னார். அந்த மெக்கானிக் கீழே நின்று பொத்தானை அழுத்துகிறானாம். லிஃப்ட் வரவில்லையாம். மேலே எங்கிருந்தோ அவன் மகளின் குரல், "இன்ஜினியர் சார், இதோ வந்துக்கிட்டே இருக்கேன்" என்கிறதாம்.

"வந்தாளா?"

"தெரியல. கதவு திறக்கறதுக்குள்ள அரங்கத்துல விளக்கைப் போட்டுட்டாங்க."

எங்கள் மகள் அப்பாவைக் கேலியாக 'இன்ஜினியர் சார்' என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்திருக்கும் கட்டடத்தின் லிஃப்டும் இவர் பொறுப்பில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் இவர், "படியில ஏறிப் போ" என்றார். "உங்க லிஃப்ட்மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா இன்ஜினியர் சார்?" என்று சிரித்தாள். இவர் சிரிக்காமல் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு அவள்கூடவே போனார். முழங்கால் வலிக்குப் பயந்து வருஷக்கணக்காக ஏறாத மோட்டார் அறைக்கு ஏறினார். லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறு ஓரிடத்தில் இழை இழையாகப் பிரிந்து முள்ளாக நின்றதாம். எனக்குப் போன் செய்து, "காதுல கேக்கவே இல்ல. ஒரு சத்தம்கூடக் கேக்கல" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். முந்தின நாள் மாலைகூட அவள் அதில்தான் இறங்கி வந்திருக்கிறாள்.

இதோடு விட்டாரா? நேராக நிறுவனத்துக்குப் போய், "நான் வருஷக்கணக்கா எந்தக் கட்டடத்துலயும் மேல ஏறிப் பாக்கல, எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார். நாங்கள் குடியிருக்கும் கட்டடம் உள்பட அவர் கையிலிருந்த எல்லாக் கட்டடத்திலும் லிஃப்ட் நின்றது. எங்கள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் யாருடையதோ புது பீரோ சிக்கிக்கொண்டு, குடித்தனக்காரர்கள் அதன் மேலே ஏறி இறங்கி, போகிறபோக்கில் எங்கள் கதவைத் தட்டித் திட்டிவிட்டுப் போகிறார்கள். இவருடைய மேலாளரின் மாமியார் அன்றைக்குத்தான் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருந்தாராம். லிஃப்ட் இல்லாமல் இறங்க முடியாது என்று பெட்டியைப் பிரித்துவிட்டார். மேலாளர் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார், இதை மன்னிக்க மாட்டார். வேலை போய்விடும் என்றே வைத்துக்கொள். இவரானால் நிம்மதியாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். நடுவில் எழுந்து மகள் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்கிறார். "மூச்சு விடறா" என்று என்னிடம் வந்து சொல்கிறார்.

இதற்கெல்லாம் ஏதோ பூடகமாக அர்த்தம் சொல்ல நீ வாயைத் திறப்பாய், திறக்காதே. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். இத்தனை ஊரில் இத்தனை மெக்கானிக்குகள் இருக்கும்போது ஒரு படத்தின் கதை ஒருவருக்குப் பொருந்திப் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தற்செயல் என்பதை விளக்கித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். உன் சிபாரிசில் ஒரு மதியமும் ஒரு வேலையும் போயிற்று, அவ்வளவுதான். இனிமேல் எங்களுக்குப் படம் எதையும் சிபாரிசு செய்யாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. நாளை பள்ளிக்கூடம் திறந்து, வேனில் முன்சீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து போகப்போகும் சின்னக்குட்டிக்கு ஆயிரம் முத்தம். எல்லோரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத் தபாலில் போடக் கீழே இறங்கினேன். தரைத்தளத்துப் பல் டாக்டர் சிகிச்சை அறையைப் பூட்டிப்போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் படம் பாத்தேம்மா. பல் டாக்டரா வர்றானே ஒருத்தன், ஊசியைச் சரியாக் கொதிக்க வைக்காம..." என்று இழுத்தார். "லிஃப்ட் மெக்கானிக்குங்க அது" என்றேன். கேட்டருகே நின்ற வாட்ச்மேன், "ரெண்டு பேரும் என்ன படம் பாத்தீங்க? அதுல வர்றவன் வாட்ச்மேன்மா. தூங்கிக்கிட்டே இருப்பான்" என்றார். மூவரும் ஒரே அரங்கத்தைத்தான் சொன்னோம்.

அப்போதுதான் உன் பிரேக் காட்சி நினைவுக்கு வந்தது.

உன் போன் அணைந்து கிடக்கிறது, உன் மனைவியுடையதும். வேனைக் கழுவிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மாமா கருவிப்பையோடு செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார், உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இருட்டுவதற்குள் இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். தற்செயலைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடு.

மீதிக் கதை கேட்டாயே, தம்பி. அது இங்கே ஓடவில்லை. நாளைக் காலை, உன் முதல் நடையில் ஓட இருக்கிறது. சாவியை மாமாவிடம் கொடுத்துவிடு.