பொட்டாசியத்தின் மேடு

வரைபடத்தில் ஒரு மேடு இருந்தது. கடுகளவு மேடுதான். அதற்கே பொட்டாசியம் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார்.

பொட்டாசியம் என்பது அந்த விஞ்ஞானியின் பட்டப்பெயர். தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களில் கரும்பொருளின் சுவடு தேடுவது அவர் உத்தியோகம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரக்கு சிதைந்தால், எந்தத் தனிமத்துக்கும் சொந்தமில்லாத மேடாகத் தலைகாட்டலாம். ஆறு வருடத்துக்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று உலகத்தையே கூட்டினார். அது வெறும் பொட்டாசியம். அன்றிலிருந்து மச்சான் வீட்டு நாய்கூட அவரைப் பார்த்தால் சிரிக்கிறது.

மூன்று மணிக்கு அறிக்கை போக வேண்டும். 'ஒன்றும் இல்லை' என்று முந்தாநாளே எழுதி வைத்திருந்தார்.

பொட்டாசியத்தின் பங்கைக் கழித்தார். மேடு நெல்லிக்காயானது. கருவியின் சொந்த இரைச்சலைக் கழித்தார். எலுமிச்சம்பழம். கூட்டத்தோடு கூட்டமாக அமுங்கிவிடும் என்று இன்னும் எழுபது மண்டலங்களைச் சேர்த்தார். ஒட்டகமே எழுந்து நின்றது.

மனைவி போனில் வந்தாள். "சாப்பிட்டீங்களா?"

"மேடு வந்திருக்கு."

"ஐயையோ! வாயத் திறந்துடாதீங்க. எங்கண்ணன் ஆறு வருஷமா ஒரே ஜோக்க வச்சு ஓட்டிட்டிருக்கார். ரெண்டாவது ஒண்ணு எடுத்துக் கொடுத்துடாதீங்க."

டேட்டா பிரிவு அம்மாள் மூக்கைச் சிந்தியபடி உள்ளே வந்தார். "ஒரு வாரமா ஜுரம் சார், இப்பதான் வர்றேன். நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

பொட்டாசியம் நேரே இயக்குநர் அறைக்கு ஓடினார்.

கேட்டதும் இயக்குநர் நாற்காலியே குலுங்கச் சிரித்தார். "அட, அது போலி மேடுங்க! உங்க கண்ணுல படுதான்னு சோதிக்கத்தான். டேட்டாவுல கலந்து விடச் சொல்லிப் போன வாரம் நான்தான் மெயில் போட்டேன். நீங்க 'ஒன்றும் இல்லை'ன்னே அனுப்புங்க."

பொட்டாசியத்துக்குப் போன உயிர் இரட்டிப்பாய்த் திரும்பியது. அங்கேயே உட்கார்ந்து, உலகின் நூற்றுப் பத்து ஆய்வுக்கூடங்களுக்கும் அறிக்கையைத் தட்டிவிட்டார். மச்சானுக்கும் ஒரு நகல்.

கதவு மெல்லத் திறந்தது. டேட்டா பிரிவு அம்மாள் இயக்குநரை நோக்கித் தலையை நீட்டினார்.

"மன்னிச்சிடுங்க சார். லீவுல இருந்ததால உங்க மெயிலை இப்பதான் பார்த்தேன். அந்தப் போலி மேட்டை இனிமேலாவது கலந்து விடட்டுமா?"