ஒரு ஸ்டார் கடற்கரை

கோலாலம்பூர் முழுக்கத் தேடினாலும் ஸ்டார் அக்காவிடம் ஐந்து ஸ்டார் வாங்கிய ஆளோ கடையோ கோயிலோ கிடைக்காது. பத்துமலைக்கே நாலுதான் போட்டார். "முருகன் மேல குத்தம் சொல்ல மாட்டேன் லா. ஒண்ணு கழிச்சது ஏறுற படிக்கு" என்று விளக்கம் வேறு. அந்த ஐந்தாவது ஸ்டாரை எப்போதுதான் வெளியே எடுப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அது கையிலயே இருக்கட்டும். எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டா அப்புறம் நம்மள யாரு மதிப்பா?" என்றார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பிரிக்பீல்ட்சில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வேலை, ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை. மிச்ச நேரமெல்லாம் கைப்பேசியும் கையுமாக ஊருக்கு மார்க் போடுவார். விடுதி ரசத்துக்கு இரண்டு ஸ்டார். விடுதிக்கு மூன்று. அதோடு விட்டாரா? "மேல் மாடி இடது பக்க அறையில் குறட்டை. தூக்கம் லேசானவர்கள் யோசித்து வரவும்" என்று உலகமே படிக்கிற மாதிரி எழுதியும் வைத்தார். அந்த அறையில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

மற்றவர்கள் எழுதியதைப் படிக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். விடுதி வாசலுக்கு மோட்டார் சைக்கிளில் புட்டு மாயம் என்கிற இடியாப்பம் விற்க வரும் அண்ணனை நிறுத்தி வைத்துக்கொண்டு, "பேரு என்ன அண்ணே? ரிவியூ இருக்கா?" என்று தேடுவார். அந்த மனுஷனுக்கு ரிவியூவும் இல்லை, பொறுமையும் இல்லை. அக்கா தலை நிமிர்வதற்குள் அடுத்த தெருவில் அவர் ஹார்ன் கேட்கும். அன்றைக்கு அக்காவோடு சேர்ந்து நாங்களும் பட்டினி.

இப்படிப்பட்டவரை உட்கார வைத்துக்கொண்டுதான் நான் போர்ட் டிக்சனுக்குக் கார் ஓட்டினேன். எனக்காகப் போகவில்லை, கோமதிக்காகப் போனேன்.

கோமதி ரவாங் பெண். என் பக்கத்து அறை. அவள் பிறந்தபோது ஜோசியர் ஒருவர் 'இருபத்தைந்து வயது வரை தண்ணீரில் கண்டம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஆறு, அருவி, நீச்சல் குளம் எதன் பக்கமும் அவளை வீட்டில் விட்டதில்லை. பள்ளியில் கடற்கரைக்குச் சுற்றுலா என்றால் அவளுக்குக் காய்ச்சல் என்று அம்மா லெட்டர் கொடுத்துவிடுவார். இப்போது அவளுக்கு இருபத்தாறு. ஜோசியர் கணக்குப்படியே கண்டம் முடிந்துபோயிற்று. ஆனால் வீட்டில் யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில் ஜாதகப் பைத்தியம் இன்னும் அதிகம்.

"அக்கா, ஒரே ஒரு தடவ. கடல்ல இடுப்பு வரைக்கும் நிக்கணும், அவ்ளோதான். இப்ப விட்டா இனிமே யாரு என்னைய விடப் போறா?" என்று என்னிடமும் ஸ்டார் அக்காவிடமும் கேட்டாள். சரி என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அவள் வீட்டில், கிள்ளானுக்குச் சேலை எடுக்கப் போகிறோம் என்று சொல்லி வைத்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் அண்ணன் விடுதிக்கு வந்து ரவாங்குக்கு அழைத்துப் போவார். அதற்கப்புறம் கல்யாணம் வரைக்கும் அவள் வெளியே வர முடியாது. கார் என்னுடையது, ஓட்டுவதும் நான், விடியற்காலையில் எழுந்து மீ கோரிங் நூடுல்ஸ் கிண்டிக் கட்டிக்கொண்டதும் நான். எந்தக் கடற்கரை என்று முடிவு செய்கிற பொறுப்பை மட்டும் ஸ்டார் அக்கா, யாரும் கேட்காமலே, எடுத்துக்கொண்டார்.

போர்ட் டிக்சனில் கடற்கரைக்குப் பஞ்சமே இல்லை. டவுனைத் தாண்டினால் ஒரே சாலை, வலது பக்கம் பூராவும் கடல். மைல் கணக்கு வைத்து நாலாங்கட்டை, ஏழாங்கட்டை, எட்டாங்கட்டை என்று நம்மவர்கள் சொல்வார்கள். எந்தக் கட்டையில் இறங்கினாலும் அதே உப்புத் தண்ணீர்தான். இதை நான் சிரம்பான் வருவதற்குள் நாலு தடவை சொல்லிவிட்டேன்.

நாலாங்கட்டையில் ஒன்பதரை மணிக்குக் காரை நிறுத்தினேன். கோமதி கதவைத் திறந்தாள்.

"இரு, இரு, இறங்காத! இங்க ஒருத்தன் போட்டிருக்கான், 'திடீர்னு ஆழம்'னு" என்றார் அக்கா.

"எப்ப போட்டான்?" என்றேன்.

"அஞ்சு வருஷம் முன்ன."

"மூழ்காமதான அக்கா வீட்டுக்குப் போய் எழுதியிருக்கான்!"

"மூணு ஸ்டார்தான் குடுத்திருக்கான். வண்டிய எடுமா."

ஏழாங்கட்டையில் கோமதி ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மணலில் வைத்தேவிட்டாள். "காலை உள்ள எடு! ஜெல்லி ஃபிஷ் கடிச்சதுன்னு ஒரு ஆன்டி எழுதியிருக்காங்க" என்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துக் காரில் இருந்த குடும்பமும் காலை உள்ளே இழுத்துக்கொண்டது. எட்டாங்கட்டையில் கைப்பேசியை நம்பாமல் நேரடி விசாரணைக்கே இறங்கிவிட்டார். எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் விற்கும் மலாய் அம்மாவிடம், "மக்சிக், சினி ஆயர் டாலம் கா?" என்று தண்ணீர் ஆழமா எனக் கேட்டார். முழங்கால்தான் என்றார் அந்த அம்மா. போதாதென்று படகுக்காரரிடம் கேட்டார், கழுத்து வரும் என்றார் அவர். மூன்றாவதாக ஒருவரைத் தேடிக்கொண்டு போனவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மத்தியானம் கோமதி பின் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே மீ கோரிங் சாப்பிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மணி இரண்டரை. நாலு மணிக்குக் கிளம்பினால்தான் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் ஏழுக்குள் விடுதிக்குப் போக முடியும்.

"யோசிச்சுப் பாத்தா நாலாங்கட்டையே பரவால்ல போல. திருப்பும்மா" என்றார் அக்கா.

எனக்கு வந்த கோபத்தில் காரைத் திருப்பவில்லை, நேராக விட்டேன். கட்டைகளெல்லாம் தாண்டி, வலது பக்கம் ஒரு மண் பாதை தெரிந்ததும் ஒடித்தேன். பாதை முடிந்த இடத்தில் இரண்டு மரம், கொஞ்சம் மணல், கடல். ஒரு ஈ காக்கை இல்லை. அக்கா கைப்பேசியைத் தட்டினார், உதறினார், மறுபடி தட்டினார்.

"இந்த இடத்துக்குப் பேரே இல்ல! ஒருத்தர்கூட எழுதலயே! யாருமே வராத எடத்துல எப்படி..."

நான் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டேன். "நானும் கோமதியும் இறங்கறோம். நீங்க உக்காந்து படிச்சிட்டிருங்க."

நாங்கள் மணலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. ஸ்டார் அக்கா எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். கையில் மடக்கிய குடை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கடலில் இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் குடையால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். "இங்க முழங்கால்... இங்க தொடை... இங்க ஒரு கல்லு, இடது பக்கம் வா..." இடுப்பளவு வந்ததும் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டார்.

"வா கோமதி. இது வரைக்கும்தான். என்னையத் தாண்டக் கூடாது."

அவர் உதடு நடுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. "அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கத்தினேன்.

"தெரியாது லா! அதான் ரெண்டு வாரமா ஒக்காந்து படிச்சிட்டிருக்கேன்! அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

கோமதி போனாள். இடுப்பு வரை நின்றாள். அலை ஒன்று வந்து முகத்தில் அடித்ததும், "அக்கா, உண்மையிலேயே உப்பு கரிக்குது!" என்று கூவினாள். சிரித்தாள், அழுதாள், தலைமுடி நனைய மூன்று முறை முங்கினாள். ஒவ்வொரு முறையும் அக்கா அவள் சுரிதாரின் தோள்பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போயிற்று. மீதிப் பாதி, இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று.

ஏழு மணிக்கு விடுதி வாசலில் கோமதியின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தார். ஈரத் தலை, காதோரம் மணல், கையில் ஒரு பைகூட இல்லை.

"சேலை எங்க? தலை ஏன் நனைஞ்சிருக்கு?"

ஸ்டார் அக்கா முன்னால் வந்தார். "ஏன் தம்பி கேக்கறீங்க அந்தக் கொடுமைய! கிள்ளான்ல ஒரு சலூன். கல்யாணப் பொண்ணுக்கு உப்பு ட்ரீட்மென்ட்னு சொல்லி முடிய நாசம் பண்ணிட்டான். அவன்கிட்ட சண்டை போட்டே நேரம் போச்சு, சேலைக் கடைக்கே போக முடியல. ஒரு ஸ்டார்தான் போட்டிருக்கேன். உங்க வீட்டு ஆளுங்கள அந்தப் பக்கமே அனுப்பிடாதீங்க."

"சரிங்க அக்கா" என்று அவர் பயபக்தியோடு தலையாட்டி, தங்கையை அழைத்துப் போனார். முருகனுக்கே சலுகை காட்டாதவர், இல்லாத கடைக்குக் கூசாமல் ஸ்டார் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அது நடந்து மூன்று வருஷம் இருக்கும். கோமதி இப்போது ஜொகூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். ஸ்டார் அக்கா பினாங்கில் வேறொரு பல் கிளினிக்குக்குப் போய்விட்டார். போன மாதம் என் கணவரோடு போர்ட் டிக்சன் போனபோது அந்த மண் பாதையைத் தேடினேன். கைப்பேசியில் அந்த இடம் இப்போது இருக்கிறது. எவரோ புண்ணியவான் அதைக் கண்டுபிடித்து, "அமைதியான கடற்கரை, அருமை" என்று ஐந்து ஸ்டார் போட்டு ஊருக்கு அறிவித்திருக்கிறார். அதற்கு மறுநாளே, அடியில் ஸ்டார் அக்காவின் பெயரில் ஒரு ஸ்டார்.

"பொய். இங்கு நிழல் இல்லை, தண்ணீர் சரியில்லை, வழி மோசம். யாரும் வர வேண்டாம்."

நிமிர்ந்து பார்த்தேன். அதே இரண்டு மரம், அடியில் குளுகுளுவென்று நிழல். தண்ணீரில் என் கால் விரல்கள் தெரிந்தன. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷி இன்னமும் இந்த இடத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்.

நானும் ஒரு ஸ்டார் போட்டேன். "அக்கா சொல்வது உண்மை. வராதீர்கள்" என்று எழுதி, கோமதிக்கும் அனுப்பி வைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது ஜொகூரிலிருந்து மூன்றாவது ஒற்றை ஸ்டார் விழுந்திருந்தது.

ஈரக் கையோடு அக்காவுக்குப் போன் போட்டு, கடலில் குளித்துவிட்டு வந்தேன் என்றேன். "எந்தக் கட்டையில இருக்க? எவ்ளோ ஆழம்?" என்றுதான் முதலில் கேட்டார்.