மாமாவின் குதிகாலுக்கு ஓர் அங்குலம்

"காலைப் புடிச்சி வுடறதுக்குப் போயி காலேஜ் படிப்பாம்மா?" என்று கேட்டவர் என் தாய்மாமா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாங்கியது பிசியோதெரபி பட்டம். எனக்கு எப்படி எரிந்திருக்கும்!

ஆறே மாதத்தில் அதே மாமா நொண்டிக்கொண்டு வந்தார். கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநாண் வீங்கியிருந்தது. ஆபரேஷன்தான் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள்.

"ஆபரேஷன்லாம் வேணாம் மாமா. மூணு மாசம் பாரம் தூக்காம, நான் சொல்ற பயிற்சி செஞ்சா போதும்."

"அடுத்த வாரம் திருவிழாம்மா. இந்த வருசம் நான் சாமி தூக்கலன்னா, என் பங்காளி அந்த எடத்துல பூந்துக்குவான். அப்புறம் ஜென்மத்துக்கும் வுடமாட்டான். படிச்சவதானே, எதுனா பண்ணு."

படிச்சவதானே! அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். குதிகாலை உயர்த்தினால் தசைநாணின் இழுவிசை குறையும் என்பது பாடம். செருப்பு போடுகிறவருக்கு அதற்குள்ளேயே குதிகாலடியில் ஒரு மெத்தைப் பட்டை வைக்கலாம். சாமி தூக்குகிறவர் செருப்பா போடுவார்? (இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம்.) ஓர் அங்குல ஸ்பாஞ்சை வெட்டி, இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன்.

"வலியே இல்லம்மா!" என்றார் மாமா. திருவிழா அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். அது என் வைத்தியம் என்று தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியும் வைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் சாமி தூக்குபவர்களைத் தோள் உயரம் பார்த்துத்தான் வாகனத்தைத் தாங்கும் மரத்தண்டுக்கடியில் நிறுத்துவார்கள். ஒருவர் உயர்ந்தால் பாரமெல்லாம் அவர் தோளில் இறங்கும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். மாமாவின் இரண்டு காலும் சமமாக இருக்க வேண்டும் என்று யோசித்த மேதைக்கு, தூக்குகிற எல்லோரும் சமமாக இருக்க வேண்டும் என்பது தோன்றவில்லை.

ரிஷப வாகனம் எழுந்தது. உடனே சாய்ந்தது. மேலே நின்ற குருக்கள் காளையின் கொம்பைக் கட்டிப்பிடித்தார். குடை நாதஸ்வரக்காரர் தலையில் இறங்கியது.

"எவன்யா அங்க எக்கிக்கினு நிக்கறது?" என்று முன்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"எக்கலப்பா! எங்க டாக்டரம்மா வச்ச ஸ்பாஞ்சு!" என்று தெருவுக்கே கேட்க அலறினார் மாமா.

மொத்தப் பாரமும் அந்த நோய்க்காலில். பங்காளி ஓடிவந்து தண்டுக்குத் தோள் கொடுத்தார். மாமா ஓரமாக உட்கார்ந்து பிளாஸ்டரைப் பிய்த்தார். நான் மோர்ப்பந்தலுக்குப் பின்னால் போய்விட்டேன்.

பிறகு முறையாக ஓய்வு கொடுத்து, வாசற்படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்யவைத்தேன். வலி போய்விட்டது. மாமா பங்காளியோடு சண்டை போட்டு, பாதி ஊர்வலத்துக்காவது சாமி தூக்கும் இடத்தையும் மீட்டுவிட்டார். ஆனால் இன்றைக்கும் வீட்டில் கட்டில் ஆடினாலும் கிரைண்டர் ஆடினாலும், "டாக்டரம்மாவக் கூப்புடு, ஸ்பாஞ்சு வைக்கட்டும்" என்கிறார்கள்.

இந்த வருடத் திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கிறது. போன ஞாயிறு, சாமி தூக்குபவர்கள் அத்தனை பேரையும் குளத்துப் படியில் வரிசையாக நிறுத்தி அதே குதிகால் பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். தடித்தடியாகப் பத்துப் பதினைந்து ஆண்கள் ஒன்றாக ஏறி இறங்குவதைப் பூக்கார அக்கா வாய்பிளந்து பார்த்தார்.

"இன்னா வேண்டுதல்மா இது?"

"கால்வலி போறதுக்குக்கா."

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வரிசையில் ஏறி நின்றார்.